அடைமழையில ஹெரால்டு எடுத்துட்டு ஒரு ஈசிஆர் ரன்

வருஷா வருஷம் நவம்பர் வந்தா எங்க பழைய கார் குரூப்ல ஒரு சண்டை கண்டிப்பா வரும். ரன் போலாமா, தள்ளி வைக்கலாமா. ஒரு கோஷ்டி "பொங்கல் முடிஞ்சு போலாம்பா, வெயில் இதமா இருக்கும், போட்டோவும் நல்லா வரும்"னு சொல்லும். இன்னொரு கோஷ்டி, அதுல நானும் ஒருத்தன், "அந்தக் காலத்துல இந்த வண்டிய வாங்கினவங்க மழை பெஞ்சா வீட்ல விட்டுட்டா ஆபீஸ் போனாங்க"ன்னு கேக்கும். வாட்சப்ல நடுராத்திரி வரைக்கும் இது ஓடும், நடுவுல யாராவது வெதர்மேன் போஸ்ட எடுத்துப் போட்டு "பாத்தீங்களா, வங்கக்கடல்ல தாழ்வுப் பகுதி"ன்னு பீதி கிளப்புவாங்க, ஒரு பெரியவர் எதையும் படிக்காம குட் நைட் இமேஜ் போடுவார், அதோட அன்னைக்கு விவாதம் முடிஞ்சிடும்.

இந்த தடவ மழைக் கோஷ்டி ஜெயிச்சிடுச்சு. எங்க கணக்கு சிம்பிள்தான். மஞ்சள் அலர்ட்னா கிளம்புறது, ஆரஞ்சுன்னா காலைல எந்திரிச்சு வானத்தப் பாத்து முடிவு பண்றது, ரெட்னா வீட்ல உக்காந்து வெங்காய பஜ்ஜி. அன்னைக்கு செங்கல்பட்டு, விழுப்புரம் ரெண்டு மாவட்டத்துக்கும் மஞ்சள்தான் போட்டிருந்தாங்க. திருவான்மியூர்ல கிளம்பி ஈசிஆர் புடிச்சு, மாமல்லபுரத்துல டிபன், பாண்டில மத்தியான சாப்பாடு, இருட்டறதுக்குள்ள வீடு, இதான் பிளான். ஒரு பக்கம் 150 கிலோமீட்டர் சொச்சம். புது கார்ல ரெண்டரை மணி நேரம், எங்க வண்டிங்களுக்கு டீ, ரிப்பேர், ரெண்டு பேரோட அரட்டை எல்லாம் சேத்து அஞ்சு மணி நேரம்.

வந்த வண்டிங்களச் சொல்றேன். ஒரு லேண்ட்மாஸ்டர், அம்பாசிடருக்கு முன்னாடி வந்ததே அது. ஒரு மோரிஸ் மைனர். ஒரு பிரிமியர் பத்மினி, ஸ்டியரிங்லயே கியர் இருக்குமே அந்த மாடல். ஒரு பீட்டில். தார்ப்பாய் கூரை போட்ட வில்லிஸ் ஜீப் ஒண்ணு. அப்புறம் என்னோட ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. கடைசியா ஒரு மெம்பரோட இன்னோவா, அது எதுக்குன்னு அப்புறம் சொல்றேன்.

ஹெரால்ட பத்தி கொஞ்சம் பேசிக்கிறேன், எனக்கு வேற எங்க சான்ஸ் கிடைக்கும். அம்பாசிடர் கல்கத்தா பக்கம், பியட் பம்பாய், ஹெரால்டு நம்ம மெட்ராஸ். வண்டலூர், பெருங்களத்தூர் பக்கம் ஜிஎஸ்டி ரோட்ல பேக்டரி இருந்துச்சு, இப்போ அந்தப் பக்கம் போனா ஐடி கம்பெனியும் அபார்ட்மென்ட்டுமா நிக்குது. இங்கிலாந்துல 1959ல ட்ரையம்ப் ஹெரால்டுன்னு வந்த வண்டி, இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைஞ்ச பாடி, 1961ல இருந்து இங்க ஸ்டாண்டர்ட் பேர்ல செஞ்சாங்க. அங்க 1147, 1296ன்னு இன்ஜின பெருசு பண்ணிட்டே போனாங்க, நம்மூர் ஹெரால்டு கடைசி வரைக்கும் 948 சிசிதான். எங்க அப்பா செகண்ட் ஹேண்ட்ல வாங்கினார், ரெண்டு கதவு மாடல், அந்த ரெண்டு கதவ வச்சே அம்மா அவர பல வருஷம் திட்டினாங்க, ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பட்டுப் புடவையோட பின் சீட்டுக்கு குனிஞ்சு ஏறணுமே.

இந்த வண்டிக்குள்ள மழைத் தண்ணி எப்படி வருதுங்கறதுக்கு ஒரு சரித்திரமே இருக்கு. ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு இங்கிலாந்துல பாடி அடிச்சுக் கொடுத்துட்டு இருந்தது பிஷர் அண்ட் லட்லோன்னு ஒரு கம்பெனி. அத 1953ல போட்டிக் கம்பெனி பிஎம்சி வாங்கிப் போட்டுடுச்சு. சரி, இனிமே முழு பாடியா ஒரே எடத்துல வாங்க முடியாதுன்னு ஆனதும், எல்லாரும் சேசிஸ்ஸ, அதான் அடியில இருக்கற இரும்புச் சட்டத்த, விட்டுட்டு ஒரே கூடா பாடி செய்ய ஆரம்பிச்ச காலத்துல இவங்க மட்டும் பழையபடி தனி சேசிஸ் போட்டு, பாடிய துண்டு துண்டா வேற வேற பேக்டரில அடிச்சு வாங்கி, போல்ட் போட்டு சேத்துட்டாங்க. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவுல ரப்பர். ரிப்பேருக்கு இது சொர்க்கம், அடிபட்ட துண்ட மட்டும் கழட்டிடலாம். ஆனா அறுபது வருஷ ரப்பர் எந்த வண்டில இருந்தாலும் காஞ்சு கருவாடா போயிருக்கும், என் வண்டில அது இருக்கற இடம் நெறைய, அவ்ளோதான். ஆக 1953ல இங்கிலாந்துல நடந்த ஒரு கம்பெனி வியாபாரத்துனால இன்னைக்கு ஈசிஆர்ல கிளட்ச் மிதிக்கிற என் எடது கால் நனையுது.

மழையில பழைய வண்டி ஓட்டறதுக்கு தைரியம் கியரியம் ஒண்ணும் வேணாம். தண்ணி எங்க எங்க போகும்னு தெரிஞ்சிருக்கணும், அது மட்டும்தான். புது கார்ல கம்பெனிக்காரன் உனக்காக அத யோசிச்சு வச்சுட்டான். இதுல நீதான் யோசிக்கணும், ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்ட பிரிச்சு அனுப்பற டிஸ்ட்ரிப்யூட்டர்ல ஆரம்பிச்சு பிரேக் டிரம் வரைக்கும்.

மொத நாள் சாயந்திரம் எங்க மெக்கானிக் பாய் வந்தார். புதுப்பேட்டை ஆளு, ஹெரால்டுக்கு பார்ட்ஸ் எங்க கிடைக்கும்னு கேட்டா எந்தக் கடை, எந்த மாடி, எந்த மூலைன்னு சொல்லுவார். "என்ன சார், மழை அடிச்சு ஊத்தப் போவுது, இந்த நேரத்துல எடுத்துட்டு போறீங்க"ன்னு கேட்டுட்டே பையில இருந்து மஞ்சக் கலர் ரப்பர் கிளவுஸ் ஒண்ண எடுத்தார், பாத்திரம் தேய்க்கப் போட்டுப்பாங்களே அது. அஞ்சு விரல் நுனியையும் கத்திரிச்சார். நாலு பிளக் வயர நாலு விரல் வழியா விட்டார், நடுவுல காயில்ல இருந்து, அதான் ஸ்பார்க்குக்கு கரண்ட ஏத்திக் கொடுக்கறது, வர்ற வயருக்கு அஞ்சாவது விரல். கையுறையோட வாய்ப் பக்கத்த இழுத்து டிஸ்ட்ரிப்யூட்டர் மூடி மேல கவுத்தாச்சு. நாலு சிலிண்டர் வண்டிக்கும் மனுஷன் கைக்கும் என்ன பொருத்தம் பாருங்க. ஆனா ஒரு விஷயம், கீழ்ப் பக்கம் கொஞ்சம் காத்து போற மாதிரி விடணும், இறுக்கிக் கட்டிட்டா உள்ளயே வேர்த்து அந்த ஈரத்துல ஸ்பார்க் போயிடும், பாய் அத ரெண்டு தடவ சொன்னார்.

பெட்ரோல் பத்தியும் சொல்லணும். இப்போ நம்ம பங்க்ல போடறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனாலுக்கு தண்ணின்னா உயிரு, காத்துல இருக்க ஈரத்தக் கூட உறிஞ்சும். ஒரு அளவுக்கு மேல தண்ணி சேந்துட்டா ரெண்டும் சேந்து பெட்ரோல விட்டுப் பிரிஞ்சு டேங்க் அடியில போய் உக்காந்துக்கும், இன்ஜின் உறிஞ்சற குழாயும் அதே அடியிலதான் இருக்கு. பழைய ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயப்ரம் எல்லாம் வேற இதுல ஊறி உப்பிடும். அதனால மழைக்காலத்துல நான் டேங்க எப்பவும் நெறப்பியே வைப்பேன், காலி இடம் கம்மின்னா ஈரக்காத்தும் கம்மி. கூட்டம் இருக்கற பங்க்லதான் போடுவேன், அங்க ஸ்டாக் சீக்கிரம் தீந்துடும், பழசு தேங்காது. ஹோஸ் எல்லாம் எத்தனால் தாங்கற புது ரகத்துக்கு மாத்தியாச்சு.

சரி ரோட்டுக்கு வருவோம். காலைல ஆறு மணிக்கு திருவான்மியூர்ல தூறல். தம்பி பையன் காலேஜ் படிக்கிறான், அவன்தான் என் கோ டிரைவர், கைல மேப் இல்ல, வேட்டித் துணி. ஏன்னா ஹெரால்டுல ஏசியும் இல்ல ஹீட்டரும் இல்ல, ரெண்டு பேர் மூச்சு விட்டாலே முன் கண்ணாடி பால் கலர்ல ஆயிடும். குவார்ட்டர் கிளாஸ, அதான் முன்னாடி முக்கோணமா ஒரு குட்டிக் கண்ணாடி இருக்குமே, அத கொஞ்சமா திருப்பி வச்சா காத்து உள்ள சுத்தும், கண்ணாடி தெளியும், கூடவே சாரலும் உள்ள வரும். எது வேணும்னு நீங்களே முடிவு பண்ணிக்கலாம். பையன் தொடச்சுட்டே வந்தான். அக்கரை தாண்டறதுக்குள்ள "பெரியப்பா, இதுக்கு பேசாம பஸ்லயே போயிருக்கலாம்"னுட்டான்.

முட்டுக்காடு பாலத்துல ஏறினதும் அசல் மழை. எடது பக்கம் கடல், வலது பக்கம் காயல், நடுவுல காத்து. ஹெரால்டு எடை எட்டுநூறு கிலோ பக்கம்தான், ஒவ்வொரு வீச்சுக்கும் ஸ்டியரிங்ல ஒரு தள்ளு தெரியும். வைப்பருக்கு ஒரே ஸ்பீடு. தூறலுக்கும் அதான், பிரளயத்துக்கும் அதான். அதுக்கே நான் அலுத்துக்கக் கூடாது, எங்களுக்கு முன்னாடி போன ஜீப்க்காரர் கதை இன்னும் மோசம். பழைய வில்லிஸ்ல வைப்பர் ஓடறது மோட்டார்ல இல்ல, இன்ஜின் இழுக்கற காத்துல. ஆக்சிலேட்டர மிதிச்சா அந்த இழுப்பு கொறஞ்சு வைப்பர் நின்னுடும், கால எடுத்தா சரசரன்னு ஓடும். அதாவது வேகமா போகும்போது கண்ணு தெரியாது, மெதுவா போனா ரோடு பளிச்சுன்னு தெரியும். அவர் அதுக்குன்னு ஒரு டெக்னிக் வச்சிருக்கார், கொஞ்ச தூரம் மிதிக்கறது, அப்புறம் கால எடுத்து கண்ணாடிய ரெண்டு தடவ தொடைக்க விட்டு மறுபடி மிதிக்கறது. பின்னாடி இருந்து பாத்தா வண்டி முன்னும் பின்னுமா தவங்கித் தவங்கிப் போகும். முழுசா நனைஞ்ச ஒரே ஆளு அவர்தான், மொத்த கூட்டத்துல ரொம்ப சந்தோஷமா இருந்த ஒரே ஆளும் அவர்தான்.

உண்மையான ஆபத்து மழை இல்ல. பின்னாடி வர்றவன். எங்க டெயில் லேம்ப் எல்லாம் கண்ணு தெரியாதவன் ஏத்தின அகல், சாரல்ல அம்பது அடி தள்ளி இருந்து பாத்தா இருக்கறதே தெரியாது. ஹசார்ட் லைட்னு ஒண்ணு இந்த வண்டிங்களுக்கு கிடையவே கிடையாது. ஈசிஆர்ல மழையானாலும் நூறுல பறக்கறவன் கொறைய மாட்டான். அதுக்குதான் அந்த இன்னோவா, கடைசியா வரும், நாலு லைட்டும் மினுக்கிட்டே, எங்க எல்லாரையும் முதுகுப் பக்கமா காப்பாத்திட்டு. போற வழில இன்னொரு கூட்டம் இருக்கு, பக்கத்துலயே ஓட்டிட்டு வந்து ஜன்னல எறக்கி மொபைல்ல வீடியோ எடுக்கறவங்க. வெயில் நாள்ல எடுங்க சாமி, கை கூட ஆட்டறேன். மழைல என் முன்னாடி வந்து வீடியோவுக்காக பிரேக் அடிச்சீங்கன்னா எனக்கு நாலு வீல்லயும் டிரம் பிரேக், பூஸ்டர் கிடையாது, ஏபிஎஸ்னா என்னன்னு இந்த வண்டிக்கு தெரியாது.

மாமல்லபுரம் டிபனுக்கு நிறுத்தினோம். பொங்கல் சூடா இருந்துச்சு, வடை நமத்துப் போயிருந்துச்சு, அத விடுங்க. அங்கதான் பத்மினி மக்கர். ஸ்டார்ட் பண்ணா ரெண்டு சிலிண்டர்ல ஓடற சத்தம், சைலன்சர்ல டப் டப்னு வெடி. டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியக் கழட்டிப் பாத்தா உள்ள முத்து முத்தா தண்ணி. தொடைச்சு மாட்டியாச்சு, ஆனா வெளிய கொட்டற மழைல அது எவ்ளோ நேரம் தாங்கும். எனக்கு பாயோட மஞ்சக் கிளவுஸ் ஞாபகம் வந்துச்சு. பக்கத்துல மெடிக்கல் ஷாப்ல போய் "அண்ணே, சர்ஜிக்கல் கிளவுஸ் இருக்கா, இருக்கறதுலயே தடிமனானது"ன்னு கேட்டேன். அந்த அண்ணன் என்னையும் கிரீஸ் கையையும் மாத்தி மாத்திப் பாத்துட்டு "யாருக்கு சார் ஆபரேஷன்?"னார். "பத்மினிக்கு"ன்னு பின்னாடி இருந்து தம்பி பையன் சொல்லிட்டான். அவர் மொகத்த பாக்கணுமே. அப்புறம் ரோட்ல எட்டிப் பாத்துட்டு காசே வாங்காம ஒரு ஜோடி கொடுத்தார், எங்க மாமா இதே வண்டிலதான் டாக்சி ஓட்டினார்னு சொல்லி.

அத மாட்டின அப்புறம் பத்மினி வீடு வர்ற வரைக்கும் இருமல் கூட இல்ல.

கல்பாக்கம் தாண்டி பாலாத்துப் பாலம். வருஷத்துல பாதி நாள் மணல்தான் தெரியும், அன்னைக்கு கலங்கல் தண்ணி பாலத்துக்கு கீழ அகலமா போயிட்டு இருந்துச்சு, எல்லாரும் ஸ்லோ பண்ணிப் பாத்தோம். கூவத்தூர் கிட்ட என் வண்டி மொத தடவ கொக்குன்னுச்சு. கிளவுஸ் போட்டது டிஸ்ட்ரிப்யூட்டருக்கு, காயில் பக்கம் இருக்க முனைல ஈரம் எறங்கி இருக்கும்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. பிரச்சனை என்ன, எங்கன்னு தெரியும். ஆனா பானெட் தெறக்கணுமே.

அம்பாசிடர், லேண்ட்மாஸ்டர், மைனர்ல எல்லாம் பானெட்ட தூக்கினா அது தலைக்கு மேல குடை மாதிரி நிக்கும், அதுக்கு கீழ நின்னு நனையாம வேலை பாக்கலாம். ஹெரால்டுல மட்கார்டு, ஹெட்லைட், கிரில் எல்லாம் சேந்த மொத்த மூஞ்சியும் ஒரே துண்டா முன் பக்கமா கவுந்துடும். வெயில் நாள்ல இதுக்கு ஈடே கிடையாது, முன் டயர் மேல சௌகரியமா உக்காந்து டீ குடிச்சுட்டே டாப்பெட் அட்ஜஸ்ட் பண்ணலாம், ராலிக்கு வர்ற ஜனம் எல்லாம் இதத்தான் போட்டோ எடுக்கும். மழைல தெறந்தா இன்ஜின் அம்மணமா ரோட்ல நிக்கும். அதனால தெறக்கறதுக்கு முன்னாடியே எல்லாம் ரெடியா இருக்கணும். ஜீப்க்காரர் தன்னோட தார்ப்பாயில ஒரு பக்கத்த அவுத்துட்டு வந்தார் ("நான்தான் ஏற்கனவே நனைஞ்சுட்டேனே"), லேண்ட்மாஸ்டர் மாமா ஒரு முனை, பீட்டில் ஓட்டற டாக்டரம்மா ஒரு முனை, டீக்கடைப் பையன் ஒரு முனை, நாலு பேரும் புடிச்ச பந்தலுக்கு கீழ நான் பானெட்ட கவுத்தேன். காயில் வயரப் புடுங்கி, வேட்டித் துணியால உள்ள விட்டு தொடைச்சு, சைக்கிள் டியூப் துண்டு ஒண்ண மேல சொருகி மாட்டினேன். மொத்தம் டீ ஆறுற நேரம்தான். ஆனா அந்த நேரத்துல பந்தல் நடுவுல தேங்கின தண்ணி முழுக்க என் பிடரில எறங்கிடுச்சு.

கிளம்பற சமயத்துல மைனர்க்காரர் வைப்பர் மோட்டார் மூச்ச விட்டுடுச்சு. டீக்கடைல ஒரு சிகரெட் வாங்கி, காகிதத்த கிழிச்சு, தூள உள்ளங்கைல வச்சு ஈரக் கண்ணாடி மேல நல்லா தேய்ச்சார். அந்தக் கால லாரி டிரைவருங்க வித்தை இது. தண்ணி முத்து முத்தா நிக்காம படலமா வழிஞ்சு ஓடும், அதுக்கு நடுவுல ரோடு தெரியும். முப்பது, நாப்பதுல போறதுக்கு போதும். அவர் வாழ்க்கைல சிகரெட்ட தொட்டதே இல்லன்னு சத்தியம் பண்ணிட்டே தேய்ச்சது தனி காமெடி.

கடப்பாக்கம் வரைக்கும் ரோடு அகலப்படுத்தற வேலை நடக்கற எடமெல்லாம் சேறு. இங்க ஹெரால்டோட இன்னொரு குணத்த சொல்லணும். பின் பக்கம் ரெண்டு வீலும் தனித்தனியா ஏறி எறங்கற ஆக்சில், வளைவுல வேகமா போயிட்டு பயந்து டக்குனு ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்தா, பின்னாடி பாடி மேல எழும்பி வீல் உள்பக்கமா மடியும், ஈர ரோட்ல அப்போ பின்பக்கம் சைடுல வந்து உங்களுக்கு ஹலோ சொல்லும். நம்மூர் மெக்கானிக்குங்களுக்கும் ஓனருங்களுக்கும் இந்த அமைப்பு புடிக்கல, அதனாலதான் பின்னாடி வந்த கெசல் மாடல்ல சாதாரண ஆக்சிலுக்கே மாறிட்டாங்க. எங்க அப்பா எனக்கு வண்டி கத்துக் கொடுக்கும்போது சொன்னது ஒண்ணுதான், வளைவுக்கு முன்னாடியே வேகத்த கொறைச்சுடு, உள்ள போயிட்டா லேசா மிதிச்சுட்டே வெளிய வா, நடுவுல மனச மாத்தாத. ஒல்லி டயருங்கறது ஒரு வசதி, அகல டயர விட தண்ணிய நல்லா கிழிச்சுட்டு போகும், நான் போட்டிருக்கறது பழைய வேகன் ஆர்ல வர்ற சைஸ் ரேடியல்.

மரக்காணம் உப்பளம் வர்றப்போ மழை கொஞ்சம் விட்டுச்சு. பாத்தி வரப்பு எல்லாம் முங்கி, ரெண்டு பக்கமும் ஒரே தண்ணி, ஓரத்துல பனையோலை போட்டு மூடின உப்புக் குவியல் மட்டும் மேல தெரிஞ்சுச்சு. மழைக்காலத்துல அங்க உப்பு வேலை கிடையாது. அதத் தாண்டி கொஞ்ச தூரத்துல ரோட்டு மேலயே தண்ணி. எல்லாரும் நிறுத்திட்டோம்.

தண்ணில எறங்கலாமா வேணாமான்னு பாக்க ஸ்கேல் வேணாம், எதிர்ல ஒரு பைக் வர்ற வரைக்கும் காத்திருந்தா போதும். சைலன்சர் வெளிய தெரிஞ்சா நாங்களும் போலாம். அந்தக் கால ஆளுங்க ஆழமா இருந்தா பேன் பெல்ட்டயே கழட்டிட்டு எறங்குவாங்க, இல்லன்னா பேன் தண்ணிய அள்ளி பிளக் மேல அடிக்கும். பர்ஸ்ட் கியர், ஒரே சீரா ஆக்சிலேட்டர், நடுவுல கியர் மாத்தக் கூடாது, முன்னாடி வண்டி கரையேறினதும்தான் அடுத்தது எறங்கணும், எதிர்ல பஸ் வந்தா அது போய் அலை அடங்கற வரைக்கும் நிக்கணும். எல்லாம் தெரியும். ஆனா வந்த பைக்கோட சைலன்சர் தெரியல, ஓட்டினவர் ரெண்டு காலையும் தூக்கி வச்சுட்டு வந்தார், அந்தப் பக்கம் இன்னும் ஜாஸ்தி சார்னார்.

லேண்ட்மாஸ்டர் மாமாதான் சொன்னார், "தம்பி, பாண்டில சாப்பாடு நாளைக்கும் கிடைக்கும், பாயப் போய் நாளைக்கு புதுசா இன்ஜின் போட்டுத் தான்னு கேட்டா கிடைக்குமா." யாரும் மறுபேச்சு பேசல. மத்தவங்க எல்லாம் அந்தக் குறுகின ரோட்ல முன்னும் பின்னும் எடுத்து, யாராவது எறங்கி "வா வா வா, நிறுத்து"ன்னு கத்தி, சேத்துல சறுக்கி திருப்பிட்டு இருந்தாங்க. ஹெரால்டு 25 அடி வட்டத்துல திரும்பிடும், லண்டன் டாக்சிக்கு சமம்னு அந்தக் காலத்துல விளம்பரமே பண்ணாங்க. ஸ்டியரிங்க ஒரு முழு ஒடி ஒடிச்சேன், ஒரே திருப்புல வடக்கப் பாத்து நின்னுடுச்சு. நான் ஒண்ணும் சொல்லல. சும்மா ஒரு தடவ ஹாரன் மட்டும் அடிச்சேன்.

கடப்பாக்கம் கிட்ட ஒரு மெஸ்ல மீன் குழம்பு சாப்பாடு. மொத்த கூட்டத்துக்கும் ஈரச் சட்டை, பேன் போட வேணாம்னு கெஞ்சிட்டு சாப்டோம். அங்க பேச்சு முழுக்க 2021ல வந்த விண்டேஜ் வண்டி ரூல் பத்திதான். அம்பது வருஷம் தாண்டின வண்டிய விண்டேஜ் வண்டிக்குன்னே இருக்கற விஏ நம்பருக்கு மாத்திக்கலாம், புதுசா பதிய 20,000 ரூபா, பத்து வருஷத்துக்கு செல்லும், ஆனா அப்படி மாத்திட்டா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பண்ண, இதுக்கு மட்டும்தான் ரோட்ல எறக்கலாம், தினப்படி ஓட்டக் கூடாது. ஒருத்தர் மாத்தணும்ங்கறார், டாக்டரம்மா பீட்டில்ல இன்னமும் வாரத்துல ஒரு நாள் கிளினிக் போறாங்க, அவங்க முடியாதுங்கறாங்க. நான் டாக்டரம்மா கட்சி. ஓட்டாம வச்சு இருந்தா சீல் காயும், பிரேக் சிலிண்டர் புடிச்சுக்கும், வண்டிக்கு மழைய விட கேரேஜ்தான் பெரிய எதிரின்னு நான் சொல்லிட்டே இருக்கேன், வேளச்சேரிக்காரர் ஒருத்தர் ஒத்துக்கவே மாட்டார். 2024 அக்டோபர்ல மழை எச்சரிக்கை வந்தப்போ ஊரே மேம்பாலத்து மேல கார கொண்டு போய் வரிசையா நிறுத்துச்சே, அந்த வரிசைல இவரோட பழைய வண்டியும் நின்னுச்சு. அவர் பயம் அவருக்கு, அதையும் தப்புன்னு சொல்ல முடியாது.

திரும்பி வர்றப்போ பிரேக் பாடம். தேங்கின தண்ணில ஒரு நீளம் ஓடிட்டா டிரம்முக்குள்ள தண்ணி பூந்து ஷூ வழுக்கும், பெடல் கல்லா இருக்கும், வண்டி பாட்டுக்கு போயிட்டே இருக்கும். அதனால தண்ணிய தாண்டினதும் கியர்ல ஓட்டிட்டே எடது கால பிரேக் மேல லேசா வச்சு கொஞ்ச தூரம் இழுத்துட்டு போகணும், சூட்டுல ஈரம் காஞ்சு புடிக்க ஆரம்பிச்சிடும். சில சமயம் ஒரு வீல் மட்டும் சீக்கிரம் காஞ்சிடும், அப்போ மிதிச்சா வண்டி அந்தப் பக்கமா இழுக்கும், அதுக்கும் கை தயாரா இருக்கணும். தம்பி பையனுக்கு கோவளம் தாண்டி ஒரு காலி சர்வீஸ் ரோட்ல இத ஓட்டிப் பாக்கவே கொடுத்தேன். காலைல பஸ்ல போயிருக்கலாம்னவன் ஸ்டியரிங்க விட மாட்டேங்கறான்.

இருட்டு முன்கூட்டியே வந்துடுச்சு. ஹெட்லைட், வைப்பர், அப்பப்போ ஹாரன். பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தற பழைய டைனமோ முழு வேகத்துல ஓடினாலே இருபது ஆம்பியர் சொச்சம்தான் கொடுக்கும், சிக்னல்ல ஐடிலிங்ல நின்னா ஒண்ணும் கொடுக்காது, டேஷ்போர்டுல செவப்பு லைட் எட்டிப் பாக்கும், ஹெட்லைட் மஞ்சளா சோந்து போகும், வைப்பர் பாதி வழில யோசிக்கும். நீலாங்கரை டிராபிக்ல ஒவ்வொரு நிறுத்தத்துலயும் நான் கைல ஆக்சிலேட்டர் புடிக்காத குறையா நியூட்ரல்ல ரைஸ் பண்ணிட்டே நின்னேன், பக்கத்து ஸ்கூட்டிப் பொண்ணு நான் ஏதோ ரேசுக்கு கூப்பிடறேன்னு முறைச்சுட்டுப் போச்சு.

வீட்டுக்கு வந்தா வேலை முடியல. அங்கதான் ஆரம்பம். ஈசிஆர் மழைன்னா வெறும் மழை இல்ல, கடல் காத்துல உப்பு கலந்தது. அன்னைக்கு ராத்திரியே நல்ல தண்ணி விட்டு அடிப்பாகம், சேசிஸ் கம்பி, மட்கார்டு உள்பக்கம் எல்லாம் கழுவியாச்சு. மறுநாள் மேட், அதுக்கு கீழ இருக்க சணல் பேட் எல்லாம் கழட்டி மொட்டை மாடில போட்டேன், அந்த சணல்தான் துரோகி, மேல தொட்டா காஞ்சிருக்கும், அடியில வாரக்கணக்குல ஈரத்த வச்சிருந்து தரைத் தகட்ட தின்னும். கதவு அடியில இருக்க சின்ன ஓட்டைங்கள ஒரு தொடப்பக் குச்சியால குத்தி விட்டேன், எடது கதவுல இருந்து ஒரு டம்ளர் தண்ணி வந்துச்சு. பின் டிரம் ரெண்டையும் கழட்டி ஷூவ பாக்கணும், பாய் வெள்ளிக்கிழமை தொழுகை முடிச்சுட்டு வர்றேன்னிருக்கார்.

இப்போ குரூப்ல புது சண்டை ஓடுது. டைனமோவ கழட்டிட்டு அதே வேலைய செய்யற புது ரகம், மாருதி ஆல்டர்னேட்டர் மாட்டிடலாம்னு நான் போட்டேன், பிராக்கெட் பத்மினிக்காரர் கிட்ட இருக்காம். லேண்ட்மாஸ்டர் மாமா பெரிய வாய்ஸ் மெசேஜ் அனுப்பி இருக்கார், அப்படி மாட்டினா அது பழைய வண்டியே இல்லயாம், வேணும்னா இன்னோவா வாங்கிக்கோன்னு. அவர் வண்டில எல்இடி ஹெட்லைட் இருக்கறத போட்டோ எடுத்து இப்பதான் அனுப்பி இருக்கேன், ப்ளூ டிக் விழுந்துடுச்சு, பதில் வரல.